தட்டில் மிச்சம் வைத்தால் பிள்ளைக்கு நன்றி இல்லை என்று ஆகிவிடுமா?

செம்பனை உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். மூன்று பிள்ளைகள், 11, 8, 4 வயது. பெருநாள் முடிந்த கையோடு வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். மக்ரிப் (அந்தித் தொழுகை) தொழுததும் எல்லோரும் ஒரே சுப்ராவில், அதாவது சாப்பாட்டு விரிப்பில், உட்கார வேண்டும், கைபேசி அலமாரி மேலே போய்விட வேண்டும், பிஸ்மி (அல்லாஹ்வின் பெயரால் என்பது) சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது, கடைசியில் இன்றைக்கு எதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாரம் நன்றாகப் போனது. நேற்று நடு மகள் பாகற்காயை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் அழுதாள், நானும் விடவில்லை. அழுதுகொண்டே அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்வது சரியா?

கடைத்தெரு நானா:
வஅலைக்குமுஸ்ஸலாம். சரிதான் தங்கச்சி, விட்டுவிடாதே. நான் இருபது வருடமாகச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். கோழிப் பொரியல் கேட்டு வாங்கி, கண்ணைக் கைபேசியில் வைத்துக்கொண்டு இரண்டு கடி கடித்துவிட்டுப் போகும் பிள்ளைகளின் தட்டை எடுத்துக் கொட்டுவது நாங்கள்தான். கை நடுங்கும். கீழக்கரையிலிருந்து வந்த எங்கள் அத்தா வீட்டில் சகன் என்ற ஒரே பெரிய தட்டில்தான் சாப்பாடு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் அவரவர் முன்னால் இருப்பதை மட்டும்தான் எடுக்க வேண்டும், நடுவில் இருக்கும் கறித்துண்டுக்குக் கை நீட்டினால் உம்மா ஒரு பார்வை பார்ப்பார்கள். நபி (ஸல்) அவர்கள் வளர்த்த பிள்ளை உமர் இப்னு அபீ ஸலமாவின் கை தட்டு முழுக்க அலைந்தபோது, பிஸ்மி சொல், வலது கையால் சாப்பிடு, உனக்கு அருகில் இருப்பதைச் சாப்பிடு என்று சொல்லிக்கொடுத்தது புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. தட்டை வழித்துச் சாப்பிடுங்கள், எதில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்பது முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இரவு ஷிப்ட் வாப்பா:
நானா, ஹதீஸில் எனக்கு மறுப்பு இல்லை, அதை வைத்துப் பிள்ளையை அழவைப்பதில்தான் மறுப்பு. வறுத்த உடும்பு போன்ற ஒரு பிராணியை நபி (ஸல்) அவர்கள் முன்னால் வைத்தார்கள். கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று உடனிருந்த தோழர் காலித் (ரலி) கேட்டதற்கு, இல்லை, என் ஊரில் இது இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னார்கள். காலித் அதை இழுத்துவைத்துச் சாப்பிட்டார், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கே பிடிக்காத உணவு இருந்தது, எட்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கக்கூடாதா?

அப்புறம் ஒரே சுப்ரா விஷயம். எனக்கு ஆலையில் மதியம் மூன்று மணிக்கு ஏறினால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் இறக்கம். என் பிள்ளைகள் வாரத்தில் பாதி நாள் நான் இல்லாமல்தான் சாப்பிடுகிறார்கள். சேர்ந்து சாப்பிட்டாலும் தனித்தனியாகச் சாப்பிட்டாலும் குற்றமில்லை என்று குர்ஆனே 24:61-இல் சொல்கிறது. தோட்டத்திலும் ஆலையிலும் வேலை பார்க்கிறவன் வீட்டை மற்ற வீடுகளோடு ஒப்பிட்டுப் பரக்கத் இல்லாத வீடு என்று சொல்லிவிடாதீர்கள், மனது வலிக்கிறது.

கடைத்தெரு நானா:
உங்களைச் சொல்லவில்லை தம்பி, அல்லாஹ் உங்கள் உழைப்பைக் கபூல் செய்வானாக. ஆனால் குற்றமில்லை என்பது வேறு, சிறந்தது என்பது வேறு. சாப்பிட்டும் வயிறு நிறையவில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, தனித்தனியாகச் சாப்பிடுகிறீர்கள் போலிருக்கிறது, சேர்ந்து உட்கார்ந்து அல்லாஹ்வின் பெயரைச் சொல்லுங்கள் என்ற பதில்தான் வந்தது. அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் பாருங்கள். பிடிக்காததை நபியவர்கள் விட்டார்கள், சரி, ஆனால் ஒருநாளும் உணவைக் குறை சொன்னதில்லை. நம் பிள்ளைகள் மூக்கைச் சுளித்து, இது என்ன நாற்றம் என்று கேட்கிறார்களே, அதை விட்டுவிடலாமா?

பழைய லயத்து அக்கா:
நான் இந்து, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போனவர். விடியுமுன் கிளம்பிவிடுவார், சோறும் சம்பலும் மூடி வைத்திருக்கும், மூடி மேல் ஒரு கல். யாரும் எங்களை உட்காரவைத்து நன்றி சொல்லச் சொன்னதில்லை. ஆனால் பள்ளி விடுமுறையில் ஒருநாள் அம்மாவோடு ரப்பர் மர நிரையில் போய் நான் வாளி தூக்கினேன். கொசுக்கடி, பால் பிசுக்கு, தோள்பட்டை எரிச்சல். அன்றைக்குச் சாயங்காலம் அந்தச் சோற்றை நான் சாப்பிட்ட விதமே வேறு. தங்கச்சி, பிள்ளைகளை அரிசி களையச் சொல், மீன் ஆயும்போது பக்கத்தில் உட்காரவை. வாய் சொல்வதற்கு முன்னால் கை தெரிந்துகொள்ளட்டும்.

இரவு ஷிப்ட் வாப்பா:
அக்கா சொன்னதுதான் எனக்கும் தோன்றியது. மனிதர்களுக்கு நன்றி சொல்லாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி சொல்லாதவன் என்று ஹதீஸ் இருக்கிறது. எத்தனை வீட்டில் வாப்பா சமைத்தவளைப் பார்த்து நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்கிறார்? நானே சொன்னதில்லை. பிள்ளை எங்கே கற்கும்? தினமும் கேள்வி கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும், என் மகன் நாலு நாளும் கோழிக்கு நன்றி என்றே சொன்னான்.

தட்டை வழிக்கும் சுன்னத்துக்கும் (நபிவழிக்கும்) நானா சொல்வதற்கும் நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. பாகற்காயை அவ்வளவு அள்ளிவைத்தது யார்? பெரியவர் கை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று சொன்ன மார்க்கத்தில், நம் அளவுக்குப் போட்டுவிட்டுப் பிள்ளையை வழிக்கச் சொல்வது நியாயமில்லை. கரண்டியைப் பிள்ளையிடம் கொடுங்கள். அது எடுத்ததை அது முடிக்கட்டும், அப்போது ஒரு பருக்கை மிஞ்சினாலும் கேளுங்கள்.

கடைத்தெரு நானா:
கரண்டியைக் கொடுத்தால் காய் பக்கமே போகாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பனை உம்மா:
எல்லோருக்கும் ஜஸாகல்லாஹ் கைர். நேற்று கொடுத்துப் பார்த்தேன். நானா சொன்னதுபோலவே பெரியவன் காயைத் தொடவில்லை, அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். நடு மகள் ஒரே ஒரு துண்டு பாகற்காய் எடுத்து, அதைச் சோற்றுக்கு அடியில் மறைத்து, கடைசி வாயில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவன் சுப்ராவில் சிந்திய பருக்கையை விரல் நுனியால் ஒட்டி ஒட்டி எடுத்தான், அக்காளிடம் கற்றது. எதற்கு நன்றி என்ற கேள்வியை நிறுத்திவிட்டேன். கைபேசி மட்டும் அலமாரி மேலேதான், அதில் நான் இறங்கிவர மாட்டேன். இன்றைக்கு அரிசி களைவது யார் என்று இப்போது இரண்டு பேருக்கும் சண்டை நடக்கிறது, போய்ப் பார்க்கிறேன்.