வெல்ஸ் நகரில் பழைய கல் வீடு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை (நால்வரின் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மென்டிப் அடிவாரம்:
இங்கிலாந்தில் மென்டிப் மலையடிவாரத்தில் இருக்கும் வெல்ஸில் வீடு தேடும் நம்மவர்கள் முதலில் கேட்பது "பேராலயத்துக்கு எவ்வளவு பக்கம்?" என்பதுதான். மக்கள்தொகை சுமார் 11,000. எந்தப் பக்கம் குடியிருந்தாலும் நடந்தே போய்விடலாம். பக்கத்தில் இருப்பதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டின் விக்கர்ஸ் குளோஸ் தெருவைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அந்த வீடுகள் பேராலயத்தின் கையில் இருப்பவை, சந்தைக்கு வருவதில்லை.

முதல் கேள்வி, வீடு 'லிஸ்டட்' கட்டடமா, அதாவது வரலாற்று மதிப்புக்காகச் சட்டக் காப்பு பெற்றதா என்பது. பழங்கட்டடங்களைக் கவனிக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். லிஸ்டட் என்றால் முகப்பு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் படிக்கட்டு, கணப்பு அடுப்பு, பலகைத் தரை எல்லாமே காப்புக்குள் வரும். மாற்றம் செய்ய கவுன்சில் அனுமதி வேண்டும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. முடிவுக்கு 8 வாரம் என்பது கணக்கு. அனுமதியில்லாமல் வேலை செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் திருட்டுத்தனமாகப் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டியிருந்தால், அதைக் கழற்றிப் பழையபடி ஆக்கும் உத்தரவு புதிதாக வாங்கியவர் தலையில் விழும். இத்தனை ஆண்டு கடந்தால் தப்பிக்கலாம் என்ற காலவரம்பும் இல்லை. அதனால் ஜன்னல், கூரை, சமையலறை ஒவ்வொன்றுக்கும் அனுமதிக் காகிதத்தைக் கேளுங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய அனுமதிகள், இப்போது இல்லாத மென்டிப் மாவட்டக் கவுன்சில் பெயரில் இருக்கும்.

காரைச்சுவர்:
மென்டிப் அடிவாரம் அண்ணா சொன்னதோடு சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான்.

பழைய கல் சுவருக்குள் ஈரம் போகும், வெளியேயும் வரும். நம்மூர்ப் பழைய வீடுகளைப் போலவே சுண்ணாம்புக் காரைதான் அந்த ஈரத்தை வெளியே விடுகிறது. இடையில் யாராவது சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே சிக்கும். பனிக்காலத்தில் அது உறைந்து விரியும்போது மென்மையான கல்லின் முகம் பொரிந்து உதிரும். கல் இடுக்கில் கரும்சாம்பல் நிறக் கலவை, அதைச் சுற்றிக் குழி விழுந்த கல் – இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் சிமென்ட் வேலை என்று வையுங்கள்.

உள்சுவரில் ஒரு மீட்டர் உயரம்வரை ஈரக்கறை இருந்தால், சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றச் சொல்வார்கள். கல்லும் கலவையும் நிரப்பிய தடித்த சுவரில் அது சீராகப் பரவாது. முதலில் வெளியே போய்ப் பாருங்கள். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். தெருவும் தோட்டமும் மேடேறிய வீடுகளில் மண்ணை வெட்டி எடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும். அடுத்து கூரை நீர்த்தாரை, குழாய் இணைப்பு இரண்டையும் பாருங்கள்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் இதையெல்லாம் பார்க்கமாட்டார். அவர் வருவது வங்கிக்காக. பழைய வீட்டுக்கு, கட்டடத்தை விரிவாக ஆராயும் லெவல் 3 சர்வேதான் வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த சர்வேயரா என்று விசாரித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
முத்திரை வரியில் நம்மவர்கள் தவறாமல் இடறுகிறார்கள். 3,50,000 பவுண்டு வீட்டுக்கு, 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி:
முதல் வீடு வாங்குபவர் – 2,500
சாதாரண விகிதம் – 7,500
கூடுதல் வீடு – 25,000

'முதல் வீடு' என்பது உலகம் முழுவதையும் சேர்த்துத்தான். ஊரில் பரம்பரை வீட்டில் ஒரு பங்கு வந்திருந்தாலும் முதல் வீட்டுச் சலுகை போய்விடும். அந்தப் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதல் வீட்டு விகிதமே வரக்கூடும். கணவன், மனைவி இருவரில் ஒருவர் பெயரில் இருந்தாலும் அப்படியே. ஆஃபர் கொடுக்கும் முன்பே சொலிசிட்டரிடம் (வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞர்) இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மென்டிப் அடிவாரம்:
கணக்குப்பிள்ளை அய்யா சொன்னது பொன்னான விஷயம். சொலிசிட்டரிடம் கேட்க இன்னும் சில:

ரேடான், அதாவது தரைக்கடியிலிருந்து கசியும் கதிரியக்க வாயு. மென்டிப் சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் இது உண்மையான சிக்கல். வரவேற்பறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என இரண்டு கருவிகளை மூன்று மாதம் வைத்து அளக்க வேண்டும். கன மீட்டருக்கு 200 பெக்கரல் (கதிரியக்க அளவு) தாண்டினால் தரைக்கடியில் குழி எடுத்து மின்விசிறி வைக்க வேண்டிவரலாம். வாங்குமுன் மூன்று மாதம் கிடைக்காது. அதனால் விலையில் ஒரு தொகையைச் சோதனை முடியும்வரை பிடித்து வைக்கும்படி சொலிசிட்டர் மூலம் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு நடைவழியின் மேல் உங்கள் படுக்கையறை நீண்டிருந்தால் அது 'ஃபிளையிங் ஃப்ரீஹோல்ட்'. சில வங்கிகள் கடன் தராது. சர்வேக்குப் பணம் கட்டுமுன் வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசிப் பேருந்து:
வெல்ஸுக்கு ரயில் இல்லை. பயணிகள் சேவை 1963இல் நின்றது. பக்கத்து நிலையம் காஸில் கேரி. பிரிஸ்டலுக்கு 376ஆம் எண் பேருந்து, பாத் நகருக்கும் பேருந்து உண்டு. மருத்துவமனை ஷிஃப்டில் இருப்பவர்கள் கடைசிப் பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டு வீட்டைப் பாருங்கள்.

மணியோசையையும் நேரில் கேளுங்கள். பேராலயத்தின் பத்து மணிகள், பத்து மணித் தொகுப்புகளில் உலகிலேயே கனமானவை. வீட்டை ஒரு தடவை ஞாயிறு காலையிலும், ஒரு தடவை மணிப் பயிற்சி நடக்கும் மாலையிலும் போய்ப் பாருங்கள். புதனும் சனியும் சந்தை. சதுக்கத்தை ஒட்டிய வீடு என்றால் அந்த நாட்களில் வண்டியை எங்கே நிறுத்துவது என்று விற்பவரிடமே கேட்டுவிடுங்கள்.