ஐந்தே வாரத்தில் மிக்ஸி அவுட், கடைக்காரர் கைவிரிக்கிறார்

செங்காங் மாமி:
இங்கே சிங்கப்பூரில் உள்ளூர்க் கடை ஒன்றின் இணையப் பக்கத்தில் 189 வெள்ளிக்கு மிக்ஸி வாங்கினேன். ஐந்தாவது வாரம் சட்னிக்குத் தேங்காய் அரைக்கும்போது கருகிய வாடை வந்து மோட்டார் நின்றுவிட்டது. "ஏழு நாளுக்குள் சொல்லியிருக்கணும், இனி கம்பெனிக்காரனிடம் பேசிக்கோங்க" என்கிறார் கடைக்காரர். கூடவே வாங்கிய டப்பா செட் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. லண்டனில் இருக்கும் தங்கை, ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம் என்கிறாள். இங்கேயும் அப்படியா?

ஈசூன்காரன்:
தங்கை சொல்வது அந்த ஊர்ச் சட்டம். மனசு மாறியதற்காகப் பணம் திருப்பித் தர இங்கே சட்டக் கட்டாயம் இல்லை, கடை தானாக வைத்திருக்கும் விதிதான். கூப்பிடாமல் வாசலுக்கு வந்து விற்பவரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால் 5 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம், நாமே தேடிப் போய் வாங்கியதற்கு அது ஒத்துவராது. டப்பாவில் முறுக்கு போட்டு வையுங்கள் மாமி.

புளிசாதம்:
மிக்ஸி கதை வேறு. 2012 செப்டம்பரிலிருந்து லெமன் சட்டம் இருக்கிறது (எலுமிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பழுதான பொருளை அப்படிச் சொல்வார்கள்). பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் அது முதலிலேயே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. ஏழு நாள் என்று அவர் பில்லில் அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போகாது. காசு வாங்கியது அவர், கம்பெனியைக் கைகாட்டித் தப்ப முடியாது. ஆனால் எடுத்தவுடன் பணத்தைக் கேட்காதீர்கள். முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கவேண்டும், அது நியாயமான காலத்தில் நடக்காவிட்டால்தான் விலைக்குறைப்பு அல்லது முழுப்பணம். ஃபோனில் பேசாமல் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்.

செங்காங் மாமி:
ஜாரை நிரப்பி அரைத்தேன், அதனால்தான் போச்சு என்று கடைக்காரர் சொன்னால்?

புளிசாதம்:
தப்பாகப் பயன்படுத்தியிருந்தால் சட்டம் கைகொடுக்காது, உண்மைதான். ஆனால் அதை அவர் காட்டவேண்டும், வாய்ச்சொல் போதாது. அவர் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள், அதற்கும் மேல் ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம்). வக்கீல் கிடையாது, 5,000 வெள்ளி வரைக்கும் பயனீட்டாளருக்கு 10 வெள்ளிதான் கட்டணம், இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும்.

தேக்கா தம்பி:
நான் மாட்டிக்கொண்டது வேறு விதம். பழைய ஃபோனை ஒரு தனிநபரிடம் வாங்கினேன், கடைக்காரர் இல்லை என்பதால் லெமன் சட்டம் செல்லவில்லை. வாங்குமுன் விற்பவர் யார் என்று பாருங்கள்.

செங்காங் மாமி:
வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். "சட்டம்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் நாளைக்கு ஆள் அனுப்புகிறாராம். டப்பாவில் முறுக்கு போட்டாச்சு.