மூளை ஸ்கேன் படத்தைப் பெற்றோரிடம் காட்டலாமா?

செல்வி_களப்பணி:
குழந்தைகள் பாதுகாப்பில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு பயிற்சியில் அந்தப் பிரபலமான படத்தைக் காட்டினார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் இருவரின் மூளை ஸ்கேன். ஒன்று வழக்கமான அளவு, மற்றது கவனிப்பாரின்றி வளர்ந்ததால் சிறுத்தது. பார்த்ததும் உறைத்தது. வீடுகளுக்குப் போகும்போது இதைக் காட்டினால் என்ன?

பழைய_பேனா:
வேண்டாம் மேடம். அது அமெரிக்க மனநல மருத்துவர் புரூஸ் பெர்ரியின் படம். 2011இல் பிரிட்டனில் கிரஹாம் ஆலன் அரசுக்குக் கொடுத்த அறிக்கையின் அட்டையிலும் வந்தது. அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது, பிறவிக் கோளாறு ஏதும் உண்டா என்று அட்டையில் ஒரு வரி கிடையாது. பெர்ரி பேசியது மிகக் கொடிய புறக்கணிப்பைப் பற்றி. கூலி வேலைக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு வரும் அம்மாவிடம் அதை நீட்டினால் அவருக்கு என்ன புரியும்? "உன் பிள்ளை மூளையை நீ கெடுத்துவிட்டாய்." அடுத்த முறை கதவே திறக்காது.

செல்வி_களப்பணி:
அம்மாவை விடுங்கள் சார், விடுதியைப் பாருங்கள். கதவு படாரென்று சாத்தினாலே எகிறிப் பாயும் ஒரு பையன். "திமிர்" என்று வார்டன் பிரம்பெடுப்பார். அச்சத்தில், மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா எப்படி முந்திக்கொள்ளும், யோசிக்கும் பகுதி எப்படிப் பின்தங்கும் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கினேன். பிரம்பு ஓரமாகப் போனது. மூளை அறிவியல் இல்லாமல் இது நடந்திருக்குமா?

பழைய_பேனா:
அடிபட்ட பிள்ளை மிரளும் என்பது எங்கள் ஆச்சிக்கே தெரியுமே. அமிக்டலா எதற்கு?

செல்வி_களப்பணி:
அடியாத மாடு படியாது என்றும் அதே ஆச்சிதானே சொல்வார்?

பழைய_பேனா:
சரி, இதில் ஜெயித்தது நீங்கள்தான்.

குமரி_வாத்தியார்:
நான் உளவியல் சொல்லிக்கொடுப்பவன். இருவருமே புக்கரெஸ்ட் ஆய்வை விட்டுவிட்டீர்கள். சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விட்டுப்போன ருமேனியக் காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளை 2000இல் தொடங்கிய ஆய்வில் சேர்த்து, குலுக்கல் முறையில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நெல்சன், ஃபாக்ஸ், ஜீனா என்ற மூன்று ஆய்வாளர்கள். நாலரை வயதில் வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளைகளின் அறிவுத்திறன் எண் சராசரி 81, காப்பகக் குழுவுக்கு 73. சொந்த வீட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களின் மூளை மின்னலைகள் எட்டு வயதில் சொந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பழைய_பேனா:
எதற்குச் சான்று என்பதுதான் கேள்வி. அங்கே ஒப்பிட்டது காப்பகத்தையும் குடும்பத்தையும். ஏழைத் தாயையும் வளர்ப்புக் குடும்பத்தையும் அல்ல. ஆனால் "இரண்டு வயதுக்குள்" என்ற வரியை மட்டும் பிய்த்தெடுத்து, பிள்ளையைச் சீக்கிரம் பிரித்துவிடு என்கிறார்கள். ஆய்வு கைநீட்டுவது காப்பகத்தை நோக்கி, நாம் திருப்புவது தாயை நோக்கி. சொல்லப்போனால் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவி வாங்கிக் கொடுத்துப் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்க இதைவிட நல்ல வாதம் கிடையாது.

குமரி_வாத்தியார்:
அந்த ஒப்பீட்டு விஷயம் சரிதான். ஆனால் சொந்த வீட்டிலும் உயிருக்கு ஆபத்தான புறக்கணிப்பு உண்டு. அங்கே நாள் கடத்தினால் நஷ்டம் பிள்ளைக்கு. செல்வி, உங்கள் பயிற்சியில் பத்துக் கேள்விப் படிவமும் கொடுத்தார்களா? சிறுவயதுத் துயரங்களுக்கு மதிப்பெண் போடுவது?

செல்வி_களப்பணி:
கொடுத்தார்கள். ஆறு வந்தால் ஆபத்து என்றார்கள்.

குமரி_வாத்தியார்:
அதைக் கிழித்துப் போடுங்கள். அந்தப் படிவத்துக்கு அடிப்படையான, 1998இல் வந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே, தனி ஆளை எடைபோட இந்த மதிப்பெண் ஆகாது என்று 2020இல் எழுதிவிட்டார். கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு ஒரு பிள்ளைக்குப் பொருந்தாது. இதில் பேனா பக்கம்தான் நான்.

செல்வி_களப்பணி:
சரி, வீடுகளுக்குப் படத்தை எடுத்துப் போகவில்லை. வார்டன் வகுப்பில் அமிக்டலா இருக்கும், அதை விடமாட்டேன். புதன்கிழமை குழந்தைகள் நலக் குழுவில் ஒரு பையனின் வழக்கு வருகிறது. அந்த 73ஐயும் 81ஐயும் அறிக்கையில் எழுதப்போகிறேன், உதவித்தொகை கேட்கும் பத்தியில். பேனா சார், அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?

பழைய_பேனா:
அனுப்புங்கள். பையன் பெயரை மட்டும் நீக்கிவிட்டு.