போட்டோ எங்கே எடுத்தது? எக்ஸிஃப் ஜிபிஎஸ் வைத்து இடம் கண்டுபிடித்த அனுபவங்கள்

கோப்புநோக்கி:

ஒரு போட்டோவைக் கொடுத்து "இது எங்கே எடுத்தது?" என்று கேட்டால், ஃபைலைத் திறப்பதற்கு முன்பே நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எந்த வழியாகக் கைக்கு வந்தது? பாதி கேஸ் அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் மறுபடி சுருக்கப்படும்; எக்ஸிஃப், அதாவது நேரம், கேமரா மாடல், இடம் என்று படத்துக்குள் கேமரா எழுதி வைக்கும் தகவல், அப்போதே போய்விடும். அதே படத்தை டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பினால் ஃபைல் மாறாமல் வரும், இடக்குறிப்பும் கூடவே வரும். டெலிகிராமிலும் அப்படித்தான்: போட்டோவாக அனுப்பினால் இல்லை, ஃபைலாக அனுப்பினால் உண்டு. ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ இறக்கிய படத்தில் ஜிபிஎஸ் தேடுவது வீண்வேலை. ஸ்கிரீன்ஷாட்டில் மூலப்படத்தின் தகவல் எதுவும் இருக்காது. ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயரில் தேதிக்குப் பின்னால் 'டபிள்யூஏ' என்ற எழுத்துகளும் நான்கு இலக்க எண்ணும் இருந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்தது. அந்தப் பெயரில் உள்ள தேதி படம் எடுத்த தேதி அல்ல. அதை எடுத்த தேதி என்று நம்பித் தடம் மாறிப்போகிறவர்கள் நிறைய. மெயில் இணைப்பு, கேபிள், மெமரி கார்டு வழியாக வந்த ஃபைல் என்றால் நம்பிக்கையோடு உட்காரலாம்.

ஜேபெக் (.jpg) ஃபைலின் தொடக்கத்திலேயே 'ஆப்1' என்ற பகுதி வரும். எக்ஸிஃப் அங்கேதான் இருக்கிறது, அதிகபட்சம் 64 கிலோபைட். அதற்குள் ஜிபிஎஸ்ஸுக்குத் தனி அட்டவணை. கேமரா மாடல், ஷட்டர் வேகம் எல்லாம் சரியாக இருந்து இந்த அட்டவணை மட்டும் காணவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: எடுத்தபோது கேமரா செயலிக்கு இட அனுமதி தரப்படவில்லை, அல்லது பகிரும்போது இடத்தை மட்டும் கழற்றிவிட்டார்கள். ஐபோனில் பகிரும் திரையின் மேலே 'ஆப்ஷன்ஸ்' என்று சிறிதாக இருக்கும். அங்கே இடத்தை அணைத்தால் இரண்டாவது வகை.

விண்டோஸில் ஃபைல் மீது வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், அதில் கீழே ஜிபிஎஸ். மேக்கில் பிரிவியூவில் திறந்து டூல்ஸ் மெனுவில் இன்ஸ்பெக்டர். ஐபோனில் படத்தை மேலே தள்ளினாலே வரைபடம் வரும். முழுதாகப் பார்க்க எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள்தான். இணையத்தில் 'போட்டோவை ஏற்றுங்கள், இடம் சொல்கிறோம்' என்று வரும் தளங்கள் வேண்டாம். படத்தையும் இடத்தையும் சேர்த்து முன்பின் தெரியாத சர்வருக்குக் கொடுக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். எக்ஸிஃப்டூல் நம் கணினியிலேயே ஓடும்.

போனிலேயே பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஆண்ட்ராய்டு 10 முதல், படத்தின் இடத்தைப் படிக்க ஒரு செயலிக்குத் தனி அனுமதி வேண்டும். அது இல்லாத செயலிக்கு ஆண்ட்ராய்டே ஜிபிஎஸ்ஸை மறைத்துத்தான் ஃபைலைக் கொடுக்கும். ஆகவே ஒரு செயலி "இடம் இல்லை" என்றால் ஃபைலில் இல்லை என்று ஆகாது. கேபிள் போட்டுக் கணினிக்கு எடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

வரைபடன்:

விண்டோஸில் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றைச் சேர்க்கிறேன். அது அட்சரேகையை 33, 51, 25 என்றும் தீர்க்கரேகையை 151, 12, 55 என்றும் காட்டும். வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்று காட்டாது. இந்த எண்கள் சிட்னி ஓபரா ஹவுஸுக்கு உரியவை, அதாவது தெற்கு, கிழக்கு. திசை பார்க்காமல் வரைபடத்தில் போட்டால் ஜப்பானுக்குக் கிழக்கே நடுப் பசிபிக்கில் போய் நிற்கும். ஃபைலுக்குள் திசை எழுத்து தனி டேக்காக (பெயரிட்ட தகவல் கட்டமாக) இருக்கிறது, எக்ஸிஃப்டூலில் தெரியும். தெற்கும் மேற்கும் மைனஸ்.

அடுத்தது தசமமாக மாற்றுவது. நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும். 33 + 51/60 + 25/3600 = 33.8569. தெற்கு என்பதால் -33.8569. தீர்க்கரேகை 151.2153. இதைச் செய்யாமல் 33.5125 என்று எண்களை அப்படியே ஒட்டித் தட்டச்சு செய்தால் அட்சரேகை மட்டுமே 38 கிலோமீட்டர் தள்ளிப்போகும். பக்கத்து ஊர் மாதிரி ஏதோ ஓர் இடம் வந்துவிடுவதால் தப்பு நடந்ததே தெரியாது. முழுக்கத் தப்பான இடம் வந்தால்கூடப் பிடித்துவிடலாம், கிட்டத்தட்டச் சரியாகத் தெரியும் இடம்தான் ஆபத்து.

வரைபடத் தேடலில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. வரைபட இடங்களைச் சேமிக்கும் கேஎம்எல், ஜியோஜேசன் ஃபைல்களில் நேர் எதிர் வரிசை. இரண்டுக்கும் இடையே நகலெடுத்து ஒட்டும்போது பார்த்து ஒட்டுங்கள்.

துல்லியம் பற்றி: அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர், ஒரு நிமிடம் 1.85 கிலோமீட்டர், ஒரு விநாடி 31 மீட்டர். தசமத்தில் நான்காம் இலக்கம் 11 மீட்டர், ஐந்தாம் இலக்கம் ஒரு மீட்டர் சொச்சம். பத்து இலக்கம் காட்டுகிறதே என்று மயங்க வேண்டாம். அது வகுத்தலில் வந்த இலக்கம், சாட்டிலைட்டிலிருந்து வந்ததல்ல. திறந்த வெளியில் நல்ல போனுக்கே ஐந்து மீட்டர் அளவு பிழை இருக்கும்.

பச்சைப்புள்ளி:

0, 0 என்று வந்தால்? ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில், கடலுக்கு நடுவே ஊசி குத்தி நிற்குமே, அது.

வரைபடன்:

அது இடமே இல்லை. இடம் கிடைக்காதபோதும், தகவல் மறைக்கப்பட்டபோதும் சில மென்பொருள்கள் வெற்றாக விடாமல் பூஜ்யத்தை எழுதிவிடுகின்றன. கூகுள் போட்டோஸிலிருந்து டேக்அவுட் என்ற தரவிறக்கச் சேவை வழியாக இறக்கினால் படத்தோடு, அதன் விவரங்களை எழுதிய ஒரு ஜேசன் ஃபைலும் வரும்; இடம் தெரியாத படங்களுக்கு அதில் 0.0, 0.0 இருக்கும். அதே ஜேசனில் இடம் இரண்டு தடவை எழுதப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். ஒன்று கூகுள் வைத்திருப்பது, மற்றது எக்ஸிஃபிலிருந்து எடுத்தது. இரண்டும் வேறுபட்டால் எக்ஸிஃப் என்று குறித்திருப்பதுதான் ஃபைலோடு வந்தது. கூகுள் போட்டோஸ் திரையில் இடம் தெரிந்தும் இறக்கிய ஃபைலில் இல்லாமல் போவதற்கும் காரணம் இதுதான்: திரையில் தெரிவது சில நேரம் கூகுளின் ஊகம்.

நேரமுள்:

எல்லோரும் அட்சரேகை, தீர்க்கரேகையிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த எண் எப்போது கிடைத்தது, எதிலிருந்து கிடைத்தது, எவ்வளவு பிழை என்ற மூன்றையும் பார்க்காமல் ஊசி குத்தக் கூடாது. மூன்றும் பெரும்பாலும் அதே ஜிபிஎஸ் அட்டவணையில் இருக்கும்.

முதலில் நேரம். ஷட்டர் அழுத்திய நேரம் உள்ளூர் நேரத்தில் ஒரு டேக். ஜிபிஎஸ் நேரம் இன்னொரு டேக், அது எப்போதும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். உள்ளூர் நேரம் 14:20:05, ஜிபிஎஸ் நேரம் 08:50:03 என்று இருந்தால் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம், இரண்டு விநாடி. ஐந்தரை மணி நேரம், நேர மண்டலத்தால் வந்தது. மிச்சம் இரண்டு விநாடி, இடக்குறிப்பின் வயது. இந்தப் படத்தின் இடத்தை நம்பலாம். அதே படத்தில் ஜிபிஎஸ் நேரம் 08:14:40 என்று இருந்தால், இடம் 35 நிமிடத்துக்கு மேல் பழையது. சுரங்கப்பாதையிலிருந்தோ விமானத்திலிருந்தோ வெளியே வந்ததும் எடுக்கும் முதல் ஒன்றிரண்டு படங்களில் இது சகஜம். கேமரா திறந்தவுடன் புது இடம் கிடைக்கக் காத்திருக்காமல், போன் கடைசியாகத் தெரிந்த இடத்தை எழுதிவிடுகிறது. தொடர்ச்சியாக எடுத்த படங்கள் கையில் இருந்தால் அடுத்தடுத்த ஐந்தாறைத் திறந்து பாருங்கள். முதல் படம் ஓரிடம், மூன்றாவதிலிருந்து எல்லாம் வேறிடம் என்றால் பின்னால் வந்ததுதான் சரி.

வித்தியாசம் கால் மணி, அரை மணி, முழு மணிக்கு அருகில் வராமல் ஏதோ 7 நிமிடம், 11 நிமிடம் என்று எல்லாப் படங்களிலும் ஒரே மாதிரி இருந்தால், கேமரா கடிகாரம்தான் தப்பு. படத்துக்குப் படம் மாறினால் பழைய இடக்குறிப்பு.

இடத்தை மட்டும் நீக்கி ஜிபிஎஸ் நேரத்தை விட்டுவைத்த ஃபைல்களும் உண்டு. அதிலும் மண்டலம் கசியும். ஐந்தரை மணி என்றால் இந்தியாவும் இலங்கையும், ஐந்தே முக்கால் என்றால் நேபாளம். 2016-இல் வந்த எக்ஸிஃப் 2.31 மண்டலத்தை எழுதவே தனி டேக் கொடுத்தது, ஆகையால் புதிய போன்களில் கணக்கே போட வேண்டாம்.

அடுத்து எதிலிருந்து என்பது. 'பிராசஸிங் மெத்தட்' என்ற டேக்கில் ஜிபிஎஸ், செல்ஐடி, டபிள்யூலேன் (வைஃபை) போன்ற சொற்கள் வரும். செல்ஐடி என்றால் அருகிலுள்ள செல்போன் கோபுரத்தை வைத்து ஊகித்தது. நூற்றுக்கணக்கான மீட்டரிலிருந்து கிலோமீட்டர் கணக்குவரை விலகலாம். வைஃபை வழி வந்தது கட்டடத்துக்குள் நன்றாகவே வேலை செய்யும், ஒரு விதிவிலக்கு தவிர: ரவுட்டரை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குக் குடிபோனால், எந்த ரவுட்டர் எங்கே என்று குறித்த தரவுத்தளம் புதுப்பிக்கப்படும்வரை புது வீட்டில் எடுத்த படங்கள் பழைய வீட்டைக் காட்டலாம்.

பிழை அளவு ஐபோன் படங்களில் மீட்டரில் இருக்கும். 5 என்றால் வாசல்வரை போகலாம். 65 என்றால் தெரு மட்டும் சொல்லுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டு எதிரொலித்து வருவதால் எதிர்ப்பக்கத் தெருவில் ஊசி விழும். அந்த நேரத்தில் கேமரா பார்த்த திசையைக் குறிக்கும் டேக் உதவும். 0 முதல் 360 வரை, வடக்கிலிருந்து வலச்சுற்றாக. கூடவே உள்ள எழுத்து 'டி' என்றால் உண்மை வடக்கு, 'எம்' என்றால் காந்த வடக்கு. வரைபடத்தின் தெருக்காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) அந்தத் திசைக்குத் திரும்பி, படத்தில் உள்ள ஜன்னல், கம்பம், மரம் பொருந்துகிறதா என்று பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். காருக்குள்ளும் இரும்புக் கைப்பிடி அருகிலும் காம்பஸ் திரும்பிவிடும் என்பதால் இருபது முப்பது டிகிரி தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள்.

பச்சைப்புள்ளி:

உயரம் மைனஸில் வருகிறதே? கடற்கரையில் நின்று எடுத்த படம், -92 மீட்டர் என்று காட்டுகிறது. போலியா?

நேரமுள்:

போலி என்று சொல்லிவிடாதீர்கள். ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம், பூமியை ஒழுங்கான நீள்வட்டக் கோளமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து அளந்தது. உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு ஒட்டிப் போவதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல்மட்டம் அதைவிட 106 மீட்டர் தாழ்ந்து இருக்கிறது, உலகிலேயே பெரிய பள்ளம் அதுதான். அந்தப் பகுதியைச் சுற்றியுள்ள கரைகளில் ஆண்ட்ராய்டு போன் -90 காட்டினால் அது சரியான எண், திருத்தப்படாத எண். சில போன்கள் கடல்மட்டத்துக்குத் திருத்தி எழுதும், சில எழுதாது. உயரத்தை வைத்து மாடி எண் கண்டுபிடிக்கவும் முயல வேண்டாம், செங்குத்துப் பிழை கிடைமட்டப் பிழையைவிட அதிகம்.

ஷட்டர்வழி:

ஜிபிஎஸ் இல்லாத கேமராக்களைப் பற்றி. போனில் போகும் வழியைப் பதியும் ஒரு டிராக் செயலியை ஓடவிட்டு, அது தரும் ஜிபிஎக்ஸ் ஃபைலை (நேரம் குறித்த இடப்புள்ளிகள்) எடுத்து, எக்ஸிஃப்டூலில் ஜியோடேக் செய்தால் நேரத்தை வைத்து ஒவ்வொரு படத்துக்கும் இடம் எழுதிவிடும். இரு புள்ளிகளுக்கு நடுவே வரும் படத்துக்கு இடைக்கணக்குப் போடும். இயல்பு அமைப்பில் 1800 விநாடிவரை இடைவெளியை ஏற்கும். வண்டிப் பயணத்தில் அது அதிகம். நாமே குறைத்து வைப்பது நல்லது.

எல்லாம் கடிகாரத்தில்தான் நிற்கிறது. நடந்து போகிறவருக்கு ஒரு நிமிடப் பிழை என்றால் 80 மீட்டர் சொச்சம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே ஒரு கிலோமீட்டர். கிளம்பும் முன் போனின் நேரத்தை விநாடியோடு திரையில் காட்டி, அதைக் கேமராவால் ஒரு படம் எடுத்து வையுங்கள். திரையில் தெரியும் நேரத்துக்கும் அந்தப் படத்தின் எக்ஸிஃப் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 'ஜியோசிங்க்' என்ற அமைப்பில் கொடுத்தால் போதும். மண்டலம் மாற்ற மறந்து வெளிநாடு போனவர்களின் படங்களையும் இப்படியே மீட்கலாம்.

ஆக, ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவின் படத்தில் இடம் இருந்தால் அது கேமரா எழுதியதா, போனிலிருந்து புளூடூத்தில் வந்ததா, பிறகு டிராக்கிலிருந்து ஒட்டியதா என்று பிரித்துப் பாருங்கள். நம்பகத்தன்மை மூன்றுக்கும் ஒன்றல்ல.

கோப்புநோக்கி:

அதிலிருந்தே போலிக்கு வரலாம். எக்ஸிஃபில் பூட்டு இல்லை, யாரும் எதையும் எழுதலாம். ஐபோனிலேயே ஐஓஎஸ் 15 முதல் 'அட்ஜஸ்ட் லொகேஷன்' இருக்கிறது. எனவே இடத்தைத் தனியாக நம்பாமல் மற்றவற்றோடு உரசிப் பாருங்கள்: நிழலின் திசையும் நீளமும் அந்த நேரத்துச் சூரியனோடு பொருந்துகிறதா, ஜிபிஎஸ் நேரம் இருக்கிறதா, பிழை அளவு இருக்கிறதா. கையால் எழுதியவர்கள் பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டை மட்டும் எழுதி, மற்ற டேக்குகளை மறந்துவிடுவார்கள்.

2012 டிசம்பரில் ஆன்டிவைரஸ் மென்பொருளுக்குப் பெயர்போன ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தபோது வைஸ் என்ற இதழ் வெளியிட்ட படத்தில் ஐபோன் 4எஸ் எழுதிய ஜிபிஎஸ் அப்படியே இருந்தது. குவாத்தமாலாவின் ரியோ டுல்சே பகுதியைக் காட்டியது. எண்களைத் தானே மாற்றியதாக முதலில் சொன்னார், ஆனால் இடம் உண்மையானது. சில நாளிலேயே அந்த நாட்டிலேயே கைதானார். "மாற்றப்பட்டிருக்கலாம்" என்பதை "மாற்றப்பட்டது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஷட்டர்வழி:

நீக்குகிறவர்கள் விட்டுவிடுவதையும் சொல்லிவிடலாம், தேடுகிறவர்களுக்கும் அதே பட்டியல்தான் உதவும். எக்ஸிஃப் ஜிபிஎஸ்ஸை மட்டும் அழித்தால் ஃபைலிலேயே உள்ள எக்ஸ்எம்பி என்ற வேறொரு தகவல் பகுதியில் இன்னொரு நகல் தங்கியிருக்கலாம். லைட்ரூம் போன்ற படத்திருத்த மென்பொருள்களில் திருத்திய படங்களில் இதை முதலில் பாருங்கள். படக்குறிப்புகளுக்கான ஐபிடிசி பகுதியில் ஊர்ப் பெயரும் நாட்டுப் பெயரும் எழுத்தாகவே இருக்கலாம். எக்ஸிஃப்டூல் எழுதும்போது பழைய ஃபைலைப் பெயரின் கடைசியில் 'ஒரிஜினல்' என்று சேர்த்து அதே ஃபோல்டரில் வைத்துவிடும். அதைக் கவனிக்காமல் ஃபோல்டரை ஜிப் செய்து அனுப்பினால் அழித்த இடமும் சேர்ந்தே போகும். ஐபோனின் லைவ் போட்டோ என்றால் ஸ்டில் ஒன்று, கூடவே ஒரு சின்ன வீடியோ (.mov ஃபைல்). வீடியோவில் இடம் எக்ஸிஃபில் இல்லை, கூட்டல் கழித்தல் குறியோடு ஒரே வரியாகத் தனி இடத்தில் எழுதப்பட்டிருக்கும். ஸ்டில்லை மட்டும் சுத்தம் செய்த ஜோடிகளில் இடம் அந்த வீடியோவிலிருந்துதான் கிடைக்கும்.