மறு: ‘டிப்ரிகேட்டட்’டுக்கு ‘கைவிடப்பட்ட’ வேண்டாம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஜாவாவில் செயலிகள் எழுத உதவும் ஸ்பிரிங் கட்டமைப்பின் வெளியீட்டுச் செய்திகளைத் தமிழில் போடத் தொடங்கியதிலிருந்து நமக்குள் இழுபறியாகவே இருப்பது, ‘இன்னும் ஓடும், ஆனால் இனிப் பயன்படுத்த வேண்டாம்’ என்று பொருள்படும் ‘டிப்ரிகேட்டட்’ என்ற இந்த ஒரு சொல்தான். ‘வெளியீடு’, ‘பிழைத்திருத்தம்’, ‘சார்பு’ எல்லாம் படிந்துவிட்டன. ஸ்பிரிங் உருவாக்கிப் பார்த்துக்கொள்ளும் பொருளான ‘பீன்’ பீனாகவே இருக்கட்டும் என்பதிலும் யாருக்கும் மறுப்பில்லை. ‘டிப்ரிகேட்டட்’டை அப்படி ஒலிபெயர்த்துவிட்டு நகர முடியாது. புதுப் பதிப்பு வந்ததும் நிரலாளர்கள் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான். தப்பாகப் புரிந்துகொண்டால் ஒன்று, அடுத்த பதிப்புக்கு மாறும்போது நிரல் படுத்துவிடும். இல்லையென்றால் நன்றாக ஓடுகிற நிரலை வீணாகப் பிரித்துப்போட்டுப் பல நாள் போய்விடும்.

மதுரை நண்பர் ‘வழக்கொழிந்த’ என்கிறார். மார்த்தாண்டத்து அக்கா ‘கைவிடப்பட்ட’ என்கிறார். பழைய மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘நீக்கப்பட்ட’ என்றே கிடக்கிறது. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றுமே கதை முடிந்துபோனது என்கின்றன. ஆனால் நாம் பேசுகிற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது, அழைத்தால் வேலை செய்கிறது. புதிதாக எழுதுகிறவர் தொட வேண்டாம், ஏற்கெனவே வைத்திருக்கிறவர் மாறுவதற்கு ஆயத்தமாகட்டும் என்பதுதான் செய்தி.

நாகர்கோவிலில் சனிக்கிழமைகளில் பொறியியல் மாணவர்கள் சிலருக்கு, ஸ்பிரிங்கில் விரைவாகச் செயலி தொடங்க உதவும் ஸ்பிரிங் பூட் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் தமிழ் வழியில் பள்ளி முடித்து வந்த பிள்ளைகள். நிரல் எழுதும் இன்டெல்லிஜே மென்பொருளின் திரையில் இப்படிப்பட்ட வகுப்பின் (கிளாஸ்) பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு விழும், பார்த்திருப்பீர்கள். குலசேகரத்துப் பையன் ஒருவன் அந்தக் கோட்டைக் காட்டி, “அண்ணா, இத வெட்டிப் போட்டுட்டாங்களா? இனி ஓடாதா?” என்றான். “ஓடும் மக்கா, ஓட்டிப் பாரு” என்றேன். ஓடியது. உடனே நம் கலைச்சொல் பட்டியலைத் திறந்து, “பிறகு ஏன் கைவிடப்பட்டதுன்னு போட்டிருக்கு?” என்றான். அந்தக் கேள்விக்கு நம் பட்டியலில் பதில் இல்லை.

ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கும் இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. ஜாவாவில் தேதியைக் கையாளும் டேட் வகுப்பின் பல கன்ஸ்ட்ரக்டர்களை (பொருளை உருவாக்கும் நிரல்பகுதிகளை) இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 1997-ல், ஜாவா 1.1-லேயே அறிவித்தார்கள். இன்றைக்கும் அவை அங்கேயே இருக்கின்றன. இணையாக ஓடும் வேலைகளுக்கான த்ரெட் வகுப்பின் ஸ்டாப் செயற்கூறு (மெதட்) 1998-ல் 1.2 பதிப்பிலேயே அந்த நிலைக்கு வந்துவிட்டது. அழைத்தால் பிழை எறியத் தொடங்கியதோ 2023-ல், ஜாவா 20-ல். கால் நூற்றாண்டு! இப்படி ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடக்காததால், இது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் சிலர் நாளைக்கே தூக்கிவிடுவார்கள் என்று பயந்தார்கள். அதனால்தான் 2017-ல் ஜாவா 9 வந்தபோது இந்த நிலையைக் குறிக்க நிரலில் ஒட்டும் அனோட்டேஷனில் இரண்டு விவரங்களைச் சேர்த்தார்கள்: எந்தப் பதிப்பிலிருந்து இந்த நிலை, பின்னால் நீக்கும் எண்ணம் உண்டா. ஆகவே நமக்குத் தேவை ஒரு சொல் அல்ல. தவிர்க்கச் சொல்வதற்கு ஒன்று, நீக்கப்போவதற்கு ஒன்று, நீக்கியதற்கு ஒன்று.

ஸ்பிரிங்கில் இந்த மூன்றையும் கலந்துவிட்டால் அடி பலமாக விழும். ஏனென்றால் இங்கே ஓட்டம் வேகம். ஸ்பிரிங்கின் பாதுகாப்புப் பகுதியான ஸ்பிரிங் செக்யூரிட்டியில் எல்லாரும் வகுப்பை நீட்டித்து எழுதிவந்த வெப்செக்யூரிட்டிகான்ஃபிகரர்அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் 5.7 பதிப்பில் தவிர்க்கச் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் 6.0 வந்தபோது அது இல்லை. ஆறே மாதம். டேட் கன்ஸ்ட்ரக்டர்களைப் போல இதுவும் கிடக்கும் என்று இருந்தவர்களுக்கு ஸ்பிரிங் பூட் 3.0-க்கு மாறியதும் நிரல் தொகுபடவே (கம்பைல் ஆகவே) இல்லை. சோதனை நிரல்களில் உண்மைப் பீனுக்குப் பதில் போலியை வைக்க நாம் எல்லாரும் எழுதிய மாக்பீனும் அப்படித்தான்: 2024 நவம்பரில் ஸ்பிரிங் பூட் 3.4-ல் அறிவிப்பு, மாற்றாக மாக்கிட்டோபீன், 2025 நவம்பரில் 4.0-ல் நீக்கம்.

ஜாவாவின் நிறுவனச் செயலிப் பதிப்பான ஜாவா ஈஈயில் ஜாவாக்ஸ் என்ற பெயர்வெளி (தொகுப்புப் பெயர்களின் முன்னொட்டு) ஜகார்த்தா ஆனதையும் இதே தலைப்பில் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். சேர்க்கக் கூடாது. ஜாவா ஈஈ ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போனபோது பழைய பெயர்வெளியில் கை வைக்க உடன்பாடு எட்டவில்லை, அதனால் பெயரையே மாற்றினார்கள். அதைப் ‘பெயர்மாற்றம்’ என்றே எழுதுவோம்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இதே நிலை உண்டு. மரம் முப்பது வருடத்தை நெருங்கி, முறித்துவிடலாம் என்று முடிவாகிவிட்டால் தோட்டக்காரர் அதற்கு உரம் போடமாட்டார். மழைக்காலத்துக்குப் பிளாஸ்டிக் கட்டிக் காசைச் செலவழிக்கவும் மாட்டார். ஆனால் பால்வெட்டுக்காரர் விடியற்காலை வந்து வெட்டத்தான் செய்வார், சிரட்டையில் பால் விழத்தான் செய்யும். மரத்தில் ஒரு குறி இருக்கும், அவ்வளவுதான். அந்த மரத்தைக் ‘கைவிட்ட மரம்’ என்று யாரும் சொல்வதில்லை.

என் பரிந்துரை ‘தவிர்குறி’. ‘மாக்பீன் 3.4-ல் தவிர்குறி பெற்றது.’ ‘தவிர்குறி பெற்ற வகுப்புகளின் பட்டியல்.’ தொகுக்கும்போது வருவது ‘தவிர்குறி எச்சரிக்கை’. நீக்குவது முடிவாகியிருந்தால் ‘நீக்கக்குறி’. உண்மையிலேயே போய்விட்டால் ‘நீக்கம்’. ‘நீக்குகுறி’ என்றும் எழுதிப் பார்த்தேன், இரண்டு கு அடுத்தடுத்து வந்து நாக்கில் புரளவில்லை.

எதிர்ப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

குலசேகரத்திலிருந்து

* * *

தம்பிக்கு,

‘கைவிடப்பட்ட’வை நானே எடுத்துவிடுகிறேன். கோட்டைப் பார்த்து அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பிறகு அதற்காக வாதாட எனக்கு மனமில்லை. ஆனால் ‘குறி’ இடிக்கிறது. குறி என்றதும் நிரலில் ஒட்டுகிற அனோட்டேஷன்தான் நினைவுக்கு வருகிறது. அமைப்புக் கோப்பில் எழுதுகிற பண்புகளை (ப்ராப்பர்ட்டீஸ்) என்ன செய்வாய்? ஸ்பிரிங் பூட் 3.0-ல் ரெடிஸ் தரவுத்தளத்துக்கான, ‘ஸ்பிரிங் ரெடிஸ்’ என்று தொடங்கிய பண்புகள் ‘ஸ்பிரிங் டேட்டா ரெடிஸ்’ ஆயின. அது ஒரு வரி எழுத்து, அங்கே அனோட்டேஷனை எங்கே ஒட்டுவது?

இன்னொன்று, வினையாக எப்படி வரும்? ‘டிப்ரிகேட் செய்கிறோம்’ என்று பராமரிப்பவர்கள் அறிவிப்பார்களே. ஒற்று பற்றியும் ஒரு வார்த்தை சொல். ‘தவிர்க்குறி’ என்று எழுதப்போகிறவர்கள் நிறைய இருப்பார்கள், நான் வகுப்பில் பார்க்கிற பிள்ளைகளே அப்படித்தான் எழுதும்.

மார்த்தாண்டத்திலிருந்து

* * *

அக்கா, வணக்கம்.

முதல் கேள்வி நல்ல கேள்வி. குறி அனோட்டேஷனை விடப் பழையது. டேட் கன்ஸ்ட்ரக்டர்களுக்குத் தவிர்குறி விழுந்த காலத்தில் ஜாவாவில் அனோட்டேஷனே கிடையாது. ஆவணம் உருவாக்க நிரலோடு எழுதும் ஜாவாடாக் குறிப்புரையில் ஒரு வரியாக எழுதினார்கள். அனோட்டேஷன் வந்தது 2004-ல், ஜாவா 5-ல். ஆகவே எங்கே எழுதினாலும் குறி குறிதான்.

பண்புகளுக்கும் குறி இருக்கிறது, கண்ணில் படாத இடத்தில். ஸ்பிரிங் பூட்டில் பண்புகளின் விவரங்களுக்கென்று ஒரு ஜேசான் கோப்பு உண்டு. அதில் ஒரு பண்பைத் தவிர்க்கச் சொல்லும்போது காரணத்தையும் மாற்றுப் பெயரையும் எழுதலாம், கூடவே நிலையையும் எழுதலாம். நிலை இரண்டே: எச்சரிக்கை, பிழை. எச்சரிக்கை என்றால் பண்பு இன்னும் எடுபடும். பிழை என்றால் ஸ்பிரிங் பூட் அதைக் கண்டுகொள்ளாது. எடிட்டர் அதைப் படித்துத்தான் நமக்குக் காட்டுகிறது. முதல் நிலை அப்படியே தவிர்குறி, இரண்டாவது நீக்கம். பழைய பண்புகளைக் கண்டுபிடித்துச் சொல்ல ‘ப்ராப்பர்ட்டீஸ் மைக்ரேட்டர்’ என்று தனித் தொகுதியே தருகிறார்கள். 2.7-லிருந்து 3.0-க்கு வருகிறவர்கள் முதலில் அதைச் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும், மாறி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இதை நம் செய்தியில் யாரும் எழுதவில்லை, எழுதியே ஆக வேண்டும்.

வினைக்கு ‘தவிர்குறி இடுகிறோம்’. ‘இந்தச் செயற்கூறுக்கு அடுத்த பதிப்பில் தவிர்குறி இடப்படும்’ என்று அறிவிப்பில் வாசித்துப் பாருங்கள், தடுக்கவில்லை.

ஒற்று வராது. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. தவிர்த்த குறி, தவிர்க்கிற குறி, தவிர்க்கும் குறி என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். பட்டியலில் சொல்லுக்குப் பக்கத்திலேயே ‘ஒற்று மிகாது’ என்று போட்டுவிடலாம். ‘நீக்கக்குறி’யில் மட்டும் ஒற்று உண்டு, ‘நீக்கம்’ என்ற பெயர்ச்சொல்லோடு சேர்வதால். பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள் என்பது தெரிகிறது, ஆனாலும் அதற்காக நல்ல சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை.

4.0 செய்தியில் மாக்பீன் வரியில் ‘கைவிடப்பட்டது’ என்று நிற்கிறது. இன்றிரவு அதை ‘நீக்கம்’ என்று திருத்திவிடுகிறேன். பண்புகள் பத்தியை நீங்கள் எழுதுங்கள் அக்கா, ரெடிஸ் எடுத்துக்காட்டோடு. மதுரை நண்பருக்கு ‘வழக்கொழிந்த’ இன்னும் பிடித்திருந்தால், தவிர்குறி விழுந்த பிறகும் ஆறு மாதம் வேலை செய்துகொண்டிருந்த அந்த செக்யூரிட்டி அடாப்டரை எந்தச் சொல்லால் குறிப்பார் என்று ஒரு வாக்கியம் எழுதிக் காட்டட்டும்.