டிபன் டப்பாவில் என்ன கட்டுவது? டீச்சர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணியில் ஏழு மணி மேலூர் பஸ்ஸைப் பிடித்தால்தான் மணியடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போக முடியும். வீட்டில் எல்லாருக்கும் இட்லி அவித்து வைத்துவிட்டு, நான் வெறும் காபியோடு கிளம்பிவிடுவேன். பதினோரு மணிக்குக் கண்ணை இருட்டும். அந்த நேரம் பார்த்து ஸ்டாஃப் ரூமில் யாராவது பிறந்தநாள் லட்டு நீட்டுவார்கள், இல்லையென்றால் டீயோடு உளுந்த வடை. மதியம் புளியோதரை, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. சாயங்காலம் நோட்டுத் திருத்தும்போது கை தானாக முறுக்கு டின்னுக்குள் போகும்.

வயது 41, உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. போன வாரம் எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1. "சர்க்கரை இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறது. முதலில் எடையைக் குறையுங்கள்" என்றார் டாக்டர்.

ஓட்ஸ் குடித்துப் பார்த்தேன். மூன்றாவது பீரியடில் குரலே எழும்பவில்லை.

அரை மணி நேரத்தில் செய்து, இந்த மதுரை வெயிலில் ஒரு மணி வரை ஊசிப்போகாத சாப்பாடு என்ன கொண்டுபோகிறீர்கள்? சுண்டல், கம்பஞ்சோறு என்றால் எவ்வளவு? அப்புறம், தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க ஆசைதான். வேலைக்குப் போகிறவர்கள் எந்த நேரம் நடக்கிறீர்கள்? எடை குறைக்கும் பவுடர் விற்கிறவர்கள் மட்டும் இன்பாக்ஸுக்கு வராதீர்கள், புண்ணியமாகப் போகும்.