குவீன் மேரி 2 பயணம்: காலா இரவுகளுக்கு டின்னர் ஜாக்கெட் வேண்டுமா, அப்பாவின் பட்டு வேட்டி போதுமா?

தேம்ஸ்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து எங்களிடம் வந்திருக்கும் அப்பாவையும் அம்மாவையும் இந்தக் கோடையில் நியூயார்க்கில் உள்ள தம்பி வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கப்பலில் போக வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை என்பதால், சவுத்தாம்டனிலிருந்து குனார்ட் நிறுவனத்தின் குவீன் மேரி 2 கப்பலில் ஏழு இரவுப் பயணம் பதிவு செய்யலாம் என்று நினைத்திருக்கிறோம். இடையில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது.

எல்லாம் சரியாக அமைந்து, உடை விஷயத்தில்தான் வீட்டில் பேச்சு முட்டி நிற்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் எல்லோரும் ஒழுங்கான உடையில் இருக்க வேண்டும் என்பதும், வாரத்தில் இரண்டு இரவுகள் ‘காலா’ (gala) எனப்படும் விழா இரவுகள் என்பதும், அந்த இரண்டு இரவுகளிலும் ஆண்கள் டக்ஸீடோ அல்லது டின்னர் ஜாக்கெட் எனப்படும் இரவு விருந்துக் கோட், இல்லையென்றால் டையுடன் கருநிற சூட் அணிய வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கம். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தம் திருமணத்தன்றுகூடக் கோட் போடாதவர். “எழுபது வயதுக்கு மேல் எனக்கு எதற்கம்மா வேஷம்?” என்கிறார். காசு கொடுத்து விடுமுறைக்குப் போகிறவனுக்கு உடை விதிக்க இவர்கள் யார் என்று கேட்கிறார் என் மைத்துனர். அந்த மாலைகளுக்காகத்தான் இந்தக் கப்பலையே தேர்ந்தெடுத்தேன் என்கிறார் என் கணவர்.

அம்மாவுக்குக் காஞ்சிப் பட்டு இருக்கிறது, அதில் குழப்பமில்லை. அப்பாவை வற்புறுத்தி சூட் தைக்கச் சொல்வதா, அவருடைய பட்டு வேட்டியே போதுமா, வேறு கப்பல் பார்ப்பதா என்பதுதான் தெரியவில்லை. விதியின் நியாயம் அநியாயம் குறித்தும் உங்கள் கருத்தை மனம் விட்டுச் சொல்லுங்கள்.

ஹட்சன்வாசி

சகோதரி, நான் உங்கள் கணவர் பக்கம். அந்த விதியை நான் மனமார ஆதரிக்கிறேன்.

கரீபியன் கப்பல்களில் பகல் முழுவதும் ஏதாவது ஒரு தீவில் இறங்கிச் சுற்றிவிட்டு, களைத்துப்போய் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட வருவார்கள். அங்கே டை கட்டு என்றால் எரிச்சல் வருவது இயல்புதான். அட்லாண்டிக்கைக் குறுக்கே கடக்கும் பயணம் அப்படிப்பட்டதன்று. மேற்கு நோக்கிப் போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைப்பதால், பெரும்பாலான நாட்களுக்கு இருபத்தைந்து மணி நேரம் கிடைக்கிறது. சாளரத்துக்கு வெளியே சாம்பல் நிற நீரைத் தவிர வேறொன்றும் இல்லை. இவ்வளவு நேரத்துக்கும் ஒரு வடிவம் கொடுப்பது மாலைப் பொழுதுதான். காலா அன்று மாலை நான்கு மணிக்குக் கேபின் தளத்தில் இருக்கும் இலவச சலவை அறைக்குப் போய்ப் பாருங்கள். இஸ்திரிப் பலகைக்கு வரிசை நிற்கும், முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் சட்டைக் காலரை இன்னொருவர் தேய்த்துக் கொடுப்பார்கள், அங்கேயே இரண்டு குடும்பங்கள் நட்பாகிவிடும். இரவு மூன்றாம் தளத்தில் குவீன்ஸ் ரூம் என்ற நடனக் கூடத்தில், இசைக்குழு நேரடியாக வாசிக்க, எண்பது வயதுத் தம்பதியர் தரையில் கால் பாவாதது போல வால்ட்ஸ் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அரை டிரவுசரும் தொப்பியுமாகப் பாதிப்பேர் நின்றிருந்தால் அந்தக் கூடம் அந்தக் கூடமாக இருக்காது. ஒருவர் உடுத்துவது அவருக்கு மட்டும் உரியதன்று, எதிரில் அமர்ந்திருப்பவரின் மாலையிலும் அதற்குப் பங்கு உண்டு என்பதே என் கட்சி.

உங்கள் மைத்துனருக்கு ஒரு பதில். நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே ‘ஃப்ரீஸ்டைல்’ என்று அறிவித்துக் கட்டாய உடையைக் கைவிட்டது. செலிப்ரிட்டி நிறுவனம் 2015இல் முறைசார் இரவுகளை எடுத்துவிட்டது. வைக்கிங் கடற்கப்பல்களில் காலா இரவே கிடையாது. கார்னிவலில் ‘எலிகன்ட்’ இரவு இருந்தாலும் நல்ல கால்சட்டையும் காலர் வைத்த சட்டையும் போதும். கடலில் மிதக்கும் கப்பல்களில் மிகப் பெரும்பகுதி அவர் விருப்பப்படி ஆகிவிட்ட பிறகு, 1840 முதல் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருக்கும் ஒரு நிறுவனம் தன் மரபை வாரத்துக்கு இரண்டு இரவுகள் காத்துக்கொண்டால் அதையும் விட்டுவிடு என்று கேட்பது எந்த வகையில் நியாயம்?

ஸ்கார்பரோ

ஹட்சன்வாசி அவர்கள் அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் அவர் சொல்லும் மரபு யாருடைய மரபு என்பதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அட்லாண்டிக் கப்பல்களில் இரவு உணவுக்கு உடை மாற்றிக்கொண்டு இறங்கியவர்கள் முதல் வகுப்புப் பயணிகள். அதே கப்பல்களின் அடித்தளங்களில், ஒரே ஒரு பெட்டியும் போட்டிருந்த துணியுமாக, பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. இந்த நிறுவனங்கள் பெரிதாக வளர்ந்ததில் அந்த ஏழைகளின் பயணச்சீட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. இன்று நினைவு கூர்வதற்கென்று எடுத்துக்கொண்டிருப்பது மேல்தளத்தின் வாழ்க்கையை மட்டும்.

டின்னர் ஜாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்புறம் நீண்டு தொங்கும் வால் கோட்டின் இறுக்கம் தாங்காமல், வீட்டில் சற்று இளைப்பாறலாக உடுத்திக்கொள்வதற்கென்று வந்த உடை அது. அக்காலத்துப் பெரியவர்கள் அதைப் பார்த்து ஒழுங்கு கெட்டுவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒரு தலைமுறையின் தளர்வு அடுத்த தலைமுறையின் சம்பிரதாயம் ஆகிறது என்றால், இப்போதைய தளர்வை மட்டும் ஏன் வீழ்ச்சி என்று சொல்ல வேண்டும்? இதே குனார்ட் கப்பல்களில் மற்ற இரவுகளுக்குச் சில ஆண்டுகள் முன்பு வரை கட்டாயமாக இருந்த கோட், இப்போது விருப்பம் இருந்தால் போடலாம் என்று ஆகியிருக்கிறது. கப்பல் மூழ்கிவிடவில்லை.

செலவும் இருக்கிறது. கப்பலில் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்பார்கள், உண்மைதான். நியூயார்க்கிலிருந்து விமானத்தில் திரும்பும்போது இருபத்து மூன்று கிலோவுக்குள் அந்த சூட்டும் கருப்பு ஷூவும் அடங்க வேண்டுமே! இரண்டு இரவுக்காகத் தைத்த உடை அதன்பின் அலமாரியில் தொங்கும். உடுத்த மறுப்பவர் அந்த இரவுகளில் ஏழாம் தளத்து கிங்ஸ் கோர்ட் பஃபேயிலோ கோல்டன் லயன் பப்பிலோ கேசினோவிலோ பொழுதைக் கழிக்க வேண்டும். கப்பலின் பிரதான உணவகமான பிரிட்டானியாவின் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் அவர் பணம் கட்டியிருக்கிறார்.

“எல்லோரும் கருப்பு உடுத்தினால் எல்லோரும் சமம்” என்றும் சிலர் வாதிடுவதுண்டு. எந்தக் கேபின் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து பிரிட்டானியா, பிரின்சஸ் கிரில், குவீன்ஸ் கிரில் என்று சாப்பாட்டு அறையே மாறிவிடும் ஒரு கப்பலில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பழைய பரிமாறுநர்

இருவரும் பயணிகள் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் சில ஆண்டுகள் ஒரு பெரிய கப்பல் நிறுவனத்தின் உணவகத்தில் வேலை பார்த்தவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், குனார்ட் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கேட்டால் கண்டிப்பான விதியும் தொல்லையில்லை, விதியே இல்லாததும் தொல்லையில்லை. எழுத்தில் கண்டிப்பும் நடைமுறையில் நழுவலுமாக இருப்பதுதான் தொல்லை. எங்கள் கப்பலில் தினமும் கேபினுக்குப் போகும் நிகழ்ச்சித் தாளில் ‘முறைசார் இரவு’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதே மாலை வாசலில் நிற்கும் எங்களிடம், யாரையும் திருப்பி அனுப்பிப் புகார் வாங்கிவிடாதீர்கள் என்று மேலாளர் சொல்வார். ஒருவர் டீ சர்ட்டில் வந்து உள்ளே போய்விடுவார். பக்கத்து மேசையில், மூச்சு முட்ட போ டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்னைக் கூப்பிட்டு, “அப்படியானால் நான் எதற்கு இதைச் சுமந்து வந்தேன்?” என்று கேட்பார். டீ சர்ட்காரரிடம் மெல்லச் சொன்னாலோ, அவர் மதிப்பீட்டுத் தாளில் என் பெயரை எழுதிவிட்டுப் போவார். அந்தத் தாளை வைத்துத்தான் எங்களுடைய அடுத்த ஒப்பந்தத்தைப் பேசுவார்கள். நிறுவனம் எடுக்க வேண்டிய முடிவை, அங்கே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஆளின் தோளில் ஏற்றிவைப்பது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

ஆகவே, ஸ்கார்பரோ ஐயா, உங்கள் வரலாற்றுக் கருத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பதிவு செய்யும்போதே விதியை வெளிப்படையாகச் சொல்லி, ஒத்துவராதவர்களுக்கு எங்கே சாப்பிடலாம் என்பதையும் சொல்லிவிட்டு, பிறகு அதன்படியே நடக்கும் கப்பலை நான் மதிக்கிறேன். அங்கே பரிமாறுபவன் யாருக்கும் காவல்காரனாக நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று. வழக்கமாக முதல் இரவும் கடைசி இரவும் காலா வைப்பதில்லை. பெட்டி வந்து சேராத நாளும் பெட்டி கட்டி வெளியே வைத்துவிட்ட நாளும் என்பதால், பழைய கப்பல் காலத்திலிருந்தே அப்படித்தான். உங்கள் அப்பாவுக்கு முதல் நாளே சங்கடம் வராது.

தேம்ஸ்கரை

மூவருக்கும் நன்றி. வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பரிமாறுநர் ஐயா எழுதியதைக் கேட்டு மைத்துனர்கூடச் சற்று அமைதியானார். அப்பா ஒன்றுதான் கேட்கிறார்: “பட்டு வேட்டியில் போனால் நிறுத்தமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம், எல்லோரும் திரும்பிப் பார்க்கமாட்டார்களா?” இதற்கு அனுபவம் உள்ளவர் யாராவது சொல்ல முடியுமா?

கரைவேட்டி

அம்மா, நான் அதே கப்பலில் காலா இரவில் பட்டு வேட்டி உடுத்திச் சென்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் என் பக்கத்து மேசையில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கில்ட் என்ற அவர்கள் ஊர்க் கட்டம்போட்ட பாவாடை உடுத்தி முழங்கால் தெரிய உட்கார்ந்திருந்தார், அவரையும் அப்படித்தான் பார்த்தார்கள். சாப்பாடு முடிவதற்குள் நெசவைப் பற்றியும் சரிகையைப் பற்றியும் விசாரித்தவர்கள்தான் அதிகம்.

முறைசார் தேசிய உடை காலா இரவுகளுக்கு ஏற்றது என்பது அவர்களுடைய விதியிலேயே உண்டு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்தில், வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை என்பதும், அடுத்த மாதமே வேட்டி அணிந்தவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியதும் உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். பெர்முடாவில் பதிவான இந்தக் கப்பலுக்கு நம் சட்டம் செல்லாது, ஆனால் நம் ஊர் மன்றங்களுக்குச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்ததை இவர்கள் தாங்களாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இதை நான் மனநிறைவோடு சொல்கிறேன். ஹட்சன்வாசி விரும்பும் ஒழுங்கும் ஸ்கார்பரோ கேட்கும் “யாருடைய மரபு” என்ற கேள்வியும் அந்த ஒரு வரியில் ஓரளவுக்கு ஒத்துப்போகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி உடுத்தும் விவரம். மயில்கண் கரையோ அகலச் சரிகைக் கரையோ உள்ள எட்டு முழப் பட்டு வேட்டி, முழுக்கை வெண்பட்டுச் சட்டை, அதே கரையில் அங்கவஸ்திரம் என்று முழுமையாக இருக்கட்டும். பருத்தி வேட்டியும் அரைக்கைச் சட்டையும் பகலுக்கு வைத்துக்கொள்ளலாம், காலாவுக்கு வேண்டாம். இடுப்பில் பெல்ட் கட்டாயம், ஏனென்றால் கப்பல் உருளும்போது கைப்பிடியைப் பிடிப்பதா வேட்டியைப் பிடிப்பதா என்று தடுமாறக் கூடாது. பஞ்சகச்சம் கட்டத் தெரிந்தவர் என்றால், அதற்கேற்ற நீளமான வேட்டியில் அது இன்னும் பாதுகாப்பு. உணவகத்துக்குள் மடித்துக் கட்ட வேண்டாம். செருப்புக்குப் பதில் மூடிய கருப்புத் தோல் ஷூ நல்லது, காலில் ரப்பர் செருப்பு இருந்தால்தான் வாசலில் பேச்சு எழும். சாப்பிட்ட பின் ஏழாம் தளத்துத் திறந்தவெளியில் நடக்க ஆசைப்பட்டால் கேபினுக்குப் போய்க் கால்சட்டையும் ஸ்வெட்டரும் மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள், நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கோடையிலும் காற்று குளிராகவும் பலமாகவும் இருக்கும்.

புறப்படும் முன், அப்பா வேட்டியுடன் எடுத்துக்கொண்ட ஒரு நிழற்படத்தை இணைத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, காலா இரவுக்கு இது ஏற்றது என்று ஒரு வரி பதில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.